குலவைக்குத் தடை போட்ட மணியக்காரன்

ஏழு ஊருக்கு அங்கிட்டு, ஒத்தக் கண்மாயை நம்பிப் பொழைச்ச ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க ஐப்பசி மழைக்கு முன்னாடி, கண்மாய்க் கரையை வீட்டுக்கு ஒரு பங்குன்னு பிரிச்சுவிடுவாங்களாம். வீட்டுக்கு ஒரு ஆளுதான் கூடை தொடணும், அவங்கவங்க பங்குக்கு மண்ணு சுமந்து கொட்டி ஒசத்தணும். மழை விழுறதுக்குள்ள முடியலைன்னா ராசா வயலைப் பிடுங்கி மணியக்காரன் கையில குடுத்துருவாரு. இது என்ன நியாயம்னு கேக்குறியா? எனக்கும்தான் வயிறு எரியுது, கேளு.

அந்த ஊருல ஒச்சப்பன்னு ஒருத்தன். ஆளு முருங்கைக் குச்சி. பொண்டாட்டி வீராயி, அவ இடுப்புல ஒரு பொட்டப்புள்ளை, பொழைக்க ஒரு துண்டு வயலு, அம்புட்டுத்தான். அந்த வயலு மேல மணியக்காரன் பெரியநாயகத்துக்கு ரொம்ப நாளாக் கண்ணு. என்ன பண்ணினான்? கரையில எங்க பெரிய உடைப்போ, அதை ஒச்சப்பன் பங்காக் கட்டிவிட்டான். பாவி!

ஒச்சப்பன் சுமந்தான், சுமந்தான், சுமந்துக்கிட்டே இருந்தான். மத்தியானத்துக்கெல்லாம் காலு பின்னிருச்சு. "வீராயி, இது என்னால ஆகாது. வயலு போச்சு"ன்னு கூடையைப் போட்டு உக்காந்துட்டான்.

"காலையில இருந்து நீ எம்புட்டு ஒசத்தியிருக்கேன்னு திரும்பிப் பாரு சாமி! வேற யாரால ஆகும்? இன்னும் ஒத்தக் கூடை போடு, நான் பாக்குறேன்"னா அவ.

அவனும் எந்திரிச்சு ஒரு கூடை கொட்டினான். அவ ஒரு குலவை போட்டா பாரு, கண்மாயே அதிர்ந்துச்சு! ஒச்சப்பனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் என்ன, கூடைக்கு ஒரு குலவை, குலவைக்கு ஒரு ஓட்டம்.

மணியக்காரனுக்குப் பொறுக்குமா? மறுநா வந்து, "வேலை நடக்குற எடத்துல என்ன சத்தம்? குலவை போடக்கூடாது"ன்னான். சரின்னு அவ கை தட்டினா. "கையும் தட்டக்கூடாது"ன்னான். சரின்னு அவ புருசனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னா. "நீ அவனைப் பாக்கவே கூடாது, வாயும் தெறக்கக்கூடாது, முதுகைக் காட்டி நில்லு!"ன்னான். கட்டுன புருசனைப் பாக்காதன்னு சொல்ல இவன் யாரு? நாக்குல புழு விழ!

வீராயி திரும்பி நின்னுக்கிட்டா. அவ திரும்பினதும் தோளுல கெடந்த புள்ளை அப்பனைப் பாத்துருச்சு. பாத்ததும் ரெண்டு பல்லையும் காட்டி, ரெண்டு கையையும் நீட்டி, "ப்பா! ப்பா!"ன்னு ஒரே குதி. ஒச்சப்பன் கூடையைத் தூக்கினான் பாரு, யானை கெட்டுச்சு போ!

"அது வாயை மூடச் சொல்லு!"ன்னு கத்தினான் மணியக்காரன்.

"எனக்குத்தான் பேச உத்தரவு இல்லையே. நீங்களே சொல்லிப் பாருங்க மணியம்"னா வீராயி. கரையில நின்ன சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுது.

மூணாம் நா மேகம் கறுத்துச்சு. ராசா வந்து கரையை நடந்து பாத்தாரு. ஒச்சப்பன் பங்கு முடிஞ்சிருந்துச்சு, ஊரு பங்கும் முடிஞ்சிருந்துச்சு, ஒரே ஒரு பங்கு மட்டும் பள்ளமாக் கெடந்துச்சு. யாரு பங்கு? மணியக்காரன் பங்கு! வீராயி வாய்க்குக் காவல் நின்ன நேரத்துல அவன் எங்க மண்ணு சுமந்தான்?

"உனக்கும் அதே சட்டம்தான். மழைக்குள்ள முடி"ன்னாரு ராசா.

பத்துக் கூடையிலேயே மணியக்காரனுக்கு மூச்சு முட்டிருச்சு. பொண்டாட்டி சௌந்தரம் கரையில நின்னா. "மரமாட்டம் நிக்கிறியே, ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்னடி?"ன்னான்.

"நானும் சொல்லத்தான் பாக்குறேன், வரலைங்க. இருவது வருசமா உங்களுக்குப் பொங்கிப் போட்டேன். ஒரு நாளாவது சோறு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? அப்படிப்பட்ட வார்த்தை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே"ன்னா அவ. சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மழை கொட்டிருச்சு. அவன் வயலும் போச்சு, மணியமும் போச்சு. வீட்டு மனுசருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன் சேத்துல உக்காந்தான், என் கதையும் உக்காந்துருச்சு.