எறும்பைத் தின்னாத அழுங்கு

செம்பாறைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி கிழங்கு வண்டி இழுத்துப் பிழைத்துவந்தது. ஒரு மாலை, அது குளத்தங்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து பானைகளும் தேனடைகளும் ஏற்றிய கரடியின் தேன் வண்டி இறங்கி வந்தது. பாதை வளையும் இடத்தில் இரண்டும் மோதிக்கொண்டன. டமார்! தேன் பானைகள் நொறுங்கின. கிழங்குகள் குளம்வரை உருண்டு ஓடின. முள்ளம்பன்றிக்கு முன்னங்கால் சுளுக்கிக்கொண்டது.

"வண்டியை நடுவழியில நிறுத்தி வச்சிருக்கியே, அறிவிருக்கா!" என்று கரடி கத்தியது.

"நான் பாறை ஓரமாத்தானே வந்தேன்!" என்று முள்ளம்பன்றி முனகியது.

ஏறுகிற வண்டி பாறை ஓரமாகப் போகவேண்டும், இறங்குகிற வண்டி குளத்து ஓரமாகப் போகவேண்டும். அதுதான் அந்தக் காட்டு வழக்கம். யார் வழக்கத்தை மீறியது என்பதுதான் கேள்வி.

மறுநாள் காலையில் காட்டுத் தலைவரான யானை பஞ்சாயத்தைக் கூட்டியது. குரங்கு முந்திக்கொண்டு வந்தது.

"என் கண்ணால பார்த்தேன் ஐயா! முள்ளம்பன்றி வண்டி நடுவழியில நின்னுச்சு!"

அடுத்து வந்த மானும் அதையே சொன்னது. மயிலும் அதையே சொன்னது. யானை பெருமூச்சு விட்டது.

"மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க, முள்ளம்பன்றி. பொழுது சாயறதுக்குள்ள உன் பக்கம் ஒரு சாட்சியைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா உன் வண்டி கரடிக்கு. நீ இனிமே இந்தப் பாதையில கால் வைக்கக் கூடாது."

கூட்டத்தின் ஓரத்தில் இருந்த உடும்புக்குப் பகீரென்றது. அது முள்ளம்பன்றியின் பால்யச் சிநேகிதம். அந்த வண்டியில் அது ஏறாத நாளா!

அந்த நாட்களை நினைத்தால் உடும்புக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகிவிடும். அப்போது அவர்கள் மூன்று பேர். முள்ளம்பன்றி வண்டியை இழுக்கும். உடும்பு மேலே உட்கார்ந்து "விலகு, விலகு!" என்று கூவும். மூன்றாவது ஆள், உடம்பெல்லாம் செதில் கொண்ட எறும்புதின்னியான அழுங்கு. சரிவில் வண்டியை நிறுத்த வேண்டுமா? அழுங்கு சட்டென்று பந்தாகச் சுருண்டு சக்கரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் செதிலைவிட நல்ல முட்டுக்கட்டை அந்தக் காட்டிலேயே கிடையாது. வண்டி நின்றதும் மூன்றும் சிரிக்கிற சிரிப்பில் குளத்துத் தவளைகள் வாயை மூடிக்கொள்ளும். எவ்வளவு நல்ல காலம் அது!

எல்லாம் ஒரு பலாப்பழத்தால் கெட்டது. பழத்தில் எறும்பு மொய்க்கட்டும், அப்புறம் எறும்பைத் தின்னலாம் என்று அழுங்கு ஆசையோடு காத்திருந்தது. முள்ளம்பன்றி அதற்குள் பழத்தைக் கொட்டையோடு தின்று முடித்துவிட்டது. "உனக்கு நான் முக்கியமா, வயிறு முக்கியமா?" என்று அழுங்கு கேட்டது. முள்ளம்பன்றி ஏப்பம் விட்டது. அன்றோடு பேச்சு நின்றது. ஒரு பழத்துக்காகவா என்று கேட்காதீர்கள். சிநேகிதங்கள் பெரும்பாலும் இப்படி அற்பத்துக்குத்தான் முறிகின்றன.

உடும்பு சாட்சி தேடிப் புறப்பட்டது. பிடித்ததை விடாத ஜாதி அது. முதலில் குரங்கைப் பிடித்தது.

"மோதற சத்தம் கேக்கறதுக்கு முன்னால நீ எதைப் பார்த்துக்கிட்டிருந்தே?"

"முன்னாலயா? அத்திப்பழம் பறிச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். வண்டி நடுவழியில கிடந்துச்சு!"

"கிடந்துச்சா, நின்னுச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானே!" என்று சொல்லிவிட்டுக் குரங்கு வேறு கிளைக்குத் தாவியது.

ஒன்றா? மோதிய வேகத்தில் தள்ளப்பட்டுக்கூட வண்டி நடுவழிக்கு வந்திருக்கலாமே! உடும்பு மானிடம் ஓடியது. மான் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததாம். மயில் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

"அப்புறம் எப்படி அப்படியே குரங்கு சொன்னதைச் சொன்னீங்க?"

"நேத்து குளத்தங்கரையில எல்லாரும் அதைத்தானே பேசிக்கிட்டோம்! கேக்கக் கேக்க, நானே பார்த்த மாதிரி ஆயிடுச்சு" என்றது மயில். பாவம், அது பொய் சொல்லவில்லை. பேச்சில் கேட்டதைக் கண்ணில் கண்டதாகவே நம்பிவிட்டது.

"அப்போ சத்தத்துக்கு முன்னாடி அந்தப் பாதையைப் பார்த்தவங்க ஒருத்தருமே இல்லையா?"

மயில் யோசித்தது. "வளைவுக்கு எதிரே அழுங்கோட வளை இருக்கு. சாயங்காலம் ஆனா அது வாசல்லதான் உக்காந்திருக்கும். ஆனா அதுக்கும் முள்ளம்பன்றிக்கும்தான் ஆகாதே!"

உடும்பு ஒரே ஓட்டமாக ஓடியது. அழுங்கு வளை வாசலில் சுருண்டு கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"நீ பார்த்தியாடா?"

"அவன் வண்டியை நான் எதுக்குப் பார்க்கணும்? எனக்கு வேற வேலை இல்லையா?"

உடும்பு வாசல் மண்ணைப் பார்த்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. அதில் போய் உட்கார்ந்தது. நேர் எதிரே பாதையின் வளைவு!

"தினமும் பார்க்கிறே, இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டது.

அழுங்கு முகத்தை வாலுக்குள் புதைத்துக்கொண்டது. உள்ளிருந்து அதன் குரல் வந்தது. "வண்டிச் சத்தம் கேட்டாலே பழைய ஞாபகம் வந்துடுதுடா. வளைவு தாண்டிப் போறவரைக்கும் பார்ப்பேன். அவனுக்குத் தெரிய வேணாம்."

"தெரியாம இருந்தா அவன் வண்டி போயிடும்! பஞ்சாயத்துக்கு ஏன் வரலை?"

"என்னை யாரு கூப்பிட்டாங்க?" என்று அழுங்கு முணுமுணுத்தது. ஆனாலும் எழுந்தது.

பொழுது சாய்வதற்குள் இரண்டும் யானையின் முன்னே போய் நின்றன. அழுங்கு தான் பார்த்ததைச் சொன்னது.

"கரடி கையில வழிஞ்ச தேனை நக்கிக்கிட்டே வந்தது ஐயா. அதோட வண்டி பாறை ஓரத்துக்கு வந்துடுச்சு. வளைவுக்கு மேலேயே சக்கரம் பாறையில ஏறிக் குலுங்கி, ஒரு தேனடை கீழே விழுந்துச்சு. அப்புறம்தான் மோதினது. மோதின வேகத்துல முள்ளம்பன்றி வண்டி நடுவுக்குப் போச்சு."

"பழைய கூட்டாளி! சேர்ந்து பொய் சொல்லுது!" என்று குரங்கு குதித்தது.

"பேச்சுவார்த்தையே இல்லாதவனுக்காக யாராவது பொய் சொல்லுவாங்களா?" என்றது யானை. "வாங்க, இடத்தைப் போய்ப் பார்ப்போம்."

வளைவுக்கு மேலே, பாறை ஓரத்தில், தேனடை கிடந்தது. அதன்மேல் எறும்பு கருகருவென்று மொய்த்திருந்தது. கரடி முகர்ந்து பார்த்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"என்னோடதுதான். தப்பு என்மேலதான்" என்றது.

யானை அழுங்கின் பக்கம் திரும்பியது. "நேத்து சாயங்காலத்திலிருந்து இவ்வளவு எறும்பு உன் வாசலுக்கு எதிர்லயே மொய்ச்சுக் கிடக்கு. உனக்கு எறும்புன்னா உயிராச்சே! ஏன் தின்னலை?"

அழுங்கு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "நான் நக்க ஆரம்பிச்சா எறும்போட தேனடையும் போயிடும். அப்புறம் கரடிதான் பாறை ஓரமா வந்துச்சுன்னு காட்ட ஒண்ணுமே இருக்காது. மத்தவங்களும் வந்து தொட்டுடக் கூடாதுன்னுதான் நேத்திலிருந்து காவல் கிடந்தேன்."

முள்ளம்பன்றி சுளுக்கிய காலை இழுத்துக்கொண்டே வந்து அழுங்கின் முன்னால் நின்றது. முட்கள் எல்லாம் படிந்து போயின.

உடைந்த வண்டியைக் கரடியே செப்பனிட்டுக் கொடுத்தது. கால் குணமான அன்று முள்ளம்பன்றி ஒரு பெரிய பலாப்பழத்தை ஏற்றிக்கொண்டு அழுங்கின் வாசலுக்குப் போனது. பழத்தைப் பிளந்து வைத்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. நாக்கில் நீர் ஊறியது. ஆனாலும் எறும்பு வந்து மொய்த்து முடிக்கும்வரை ஒரு சுளையைக்கூடத் தொடாமல் அழுங்கின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஊரெல்லாம் கேட்டுப் பேசியதை நம்பித் தீர்ப்பு எழுதாமல், உண்மையில் கண்டவர் யாரென்று தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவர் பேச்சு விட்டுப்போன பழைய சிநேகிதராகவும் இருக்கலாம்.