வீட்டில் இல்லாத வெள்ளையப்பன்

பழைய மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளைப் படித்துக் குடும்ப வரலாறு தேடக் கற்றுக்கொடுப்பவர் இன்பவல்லி. அவருடைய சீடர்களில் மூத்தவர் வைரக்கண்ணு. ஆசிரியருக்கு அப்பா வயது.

ஒருநாள் காலையில் வகுப்புக்கு முன்பே இன்பவல்லியின் வீட்டுக்கு வந்து நின்றார். முகம் செத்துக் கிடந்தது.

"டீச்சர், நாளைக்குப் பேரனுக்குப் பேர் வைக்கிறோம். என் கொள்ளுத்தாத்தா வெள்ளையப்பன் பேரை வைக்கணும்னு எனக்கு ஆசை. சம்பந்தி வீட்டுல ஆகவே ஆகாதுங்கறாங்க."

"ஏனாம்?"

"அவர் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுட்டு ஓடிப்போனவராம். என் சித்தப்பா மகன் பெரிய துப்பறியும் புலி, கண்டுபிடிச்சு வாட்ஸ்அப்புல எல்லாருக்கும் அனுப்பிட்டான். இதோ கணக்கெடுப்பு ஏட்டோட அந்தப் பக்கம். வீட்டுல கொள்ளுப்பாட்டி இருக்காங்க, பிள்ளைங்க இருக்கு. அவர் பேர் மட்டும் இல்லை. நிஜமாவே ஓடிட்டாரா டீச்சர்?"

 இன்பவல்லி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"அந்த ஏட்டோட விதிப்படி என் வீட்டைக் கணக்கெடுங்க. நேத்து ராத்திரி இங்கே படுத்திருந்தவங்க பேர் மட்டும்."

வைரக்கண்ணு கேட்டுக் கேட்டு எழுதினார். இன்பவல்லி, மாமியார், மகள். அவ்வளவுதான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார் இன்பவல்லியின் கணவர் தனராசு.

"வாங்க. நீங்க ஓடிப்போயிட்டீங்களாம். ஐயா எழுதியிருக்கார்," என்றார் இன்பவல்லி.

"அடக் கொடுமையே! மில்லுல நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பதானே வர்றேன்!"

வைரக்கண்ணு பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, உங்க கொள்ளுத்தாத்தா என்ன வேலை பார்த்தார்?"

"உப்பளத்துல ராத்திரிக் காவ..."

 இன்பவல்லி ஏட்டின் முழு நகலையும் எடுத்துக் கொடுத்தார். வீடுகளெல்லாம் முடிந்தபிறகு, கடைசியில் உப்பளக் கொட்டகைகள். அங்கே இருந்தார் மனுஷன். வெள்ளையப்பன், காவலாள். தகப்பன் பேர், வீடு இருக்கும் தெருப் பேர் எல்லாம் அப்படியே பொருந்தியது.

வைரக்கண்ணு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. சித்தப்பா மகன்மேல் கோபம்கூட வரவில்லை. சரி, கொஞ்சம் வந்தது.

"அப்போ பேர் வைக்கலாமா டீச்சர்?"

"தாராளமா வைங்க. ஆனா பேரன் ராத்திரியெல்லாம் தூங்காம முழிச்சிருந்தா திட்டக்கூடாது. உங்க வீட்டுக்குக் காவல் இருக்கான்."