அறுபது யூனிட் மிச்சம்

மார்க் போடுவதென்றால் சடகோபனுக்குக் கொள்ளைப் பிரியம். கரண்டு ஆபீசில் முப்பது வருஷம் டெண்டர் பிரித்த மனுஷர். ஓய்வுபெற்று அருளம்மையின் ஆசிரமத்துக்கு வந்த பிறகும், சாம்பாருக்குப் பத்துக்கு எத்தனை என்று யோசிக்காமல் இலையை மூடமாட்டார். அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதனாலென்ன, குரு குருதானே.

அந்த வருஷம் கல்லாங்காட்டுக் காலனியின் இருநூறு தகர வீடுகளுக்கு ஒரு திட்டம் வந்தது. கூரைக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு, கரண்டு கம்மியாக இழுக்கும் ஃபேன், பல்பு, எல்லாம் இலவசம். வேலைக்கு மூன்று காண்ட்ராக்டர்கள் டெண்டர் போட்டிருந்தார்கள். யாருக்குக் கொடுத்தாலும் ஊர் வாயில் விழ வேண்டும் என்று பயந்த அதிகாரிகள், அம்மை கைகாட்டும் ஆளுக்கே வேலை என்று சொல்லிக் கழன்றுகொண்டார்கள். போன கோடையில் அந்தத் தகரத்தடியில் இரண்டு குழந்தைகள் சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன. இந்தத் தடவை தப்பான ஆள் கைக்குப் போனால் அடுத்த திட்டம் வர ஐந்து வருஷமாகும்.

அம்மை மூன்று கட்டுகளையும் சடகோபனிடம் தள்ளினார். அவ்வளவுதான், மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று நாள் சோறு தண்ணி மறந்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். நாலாம் நாள் காலையில் வந்து நின்றார்.

முதல் கம்பெனிக்குத் தொண்ணூற்றாறு மார்க். வழவழப்பான தாள், கலர் படம், நூற்றிருபது பக்கம். கடைசியில் நாச்சிமுத்து என்ற உள்ளூர்க்காரனுக்குப் பதினொன்று. இரண்டே பக்கம், கையால் எழுதியது, மூலையில் டீக்கறை. அந்தப் பதினொன்றும் பாவம் பார்த்துப் போட்டது.

"நல்ல ஆளைக் கண்டுபிடிக்க இதைவிட நேர்மையான வழி உண்டா அம்மா?" என்று கேட்டார்.

அம்மை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கட்டுகளைச் சுமந்துகொண்டு சடகோபன் பின்னால் ஓடினார்.

உச்சிவெயிலில் காலனிக்குப் போய், வேலாத்தா என்பவள் வீட்டுக்குள் இருவரும் உட்கார்ந்தார்கள். தகரம் அனலாகக் கொதித்தது. உள்ளே தூளியில் கைக்குழந்தை, உடம்பெல்லாம் வேர்க்குரு. சடகோபனுக்கு ஐந்தே நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முதல் மார்க் வாங்கியதை வேலாத்தாவுக்குப் படித்துக் காட்டும்படி அம்மை சொன்னார். சடகோபன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மாற்றித் தரப்படும். வேலாத்தா ஃபிரிட்ஜும் சேர்த்துத் தருவார்களா என்று விசாரித்தாள். அவர் காதில் வாங்காமல் மேலே படித்தார். ஒவ்வொரு வீட்டிலும் மாதம் அறுபது யூனிட் மிச்சமாகும்.

"ஏனுங்க, நாங்க எரிக்கிறதே நாப்பதுதானுங்க. மிச்ச இருபதுக்கு நான் எங்கீங்க போவேன்?"

அந்த அறுபதுக்குத்தான் சடகோபன் முப்பதுக்கு முப்பது போட்டிருந்தார்.

"நாச்சிமுத்து எழுதினதைப் படிங்க" என்றார் அம்மை.

எத்தனை யூனிட் மிச்சம் என்ற கட்டத்தில் அவன் எண்ணே போடவில்லை. அதனால்தான் அந்தக் கட்டத்துக்கு முட்டை வாங்கியிருந்தான். கீழே எழுதியிருந்ததைச் சடகோபன் இப்போதுதான் முழுசாகப் படித்தார்.

"வீட்டுக்கு வீடு மாறும். சில வீட்டில் ஒன்றும் மிச்சமாகாது, புழுக்கம்தான் குறையும். நாற்பத்திரண்டாம் நம்பர், வேலாத்தா வீடு. தூளிக்கு நேர் மேலே ஒயர் கருகியிருக்கிறது. அதை மாற்றாமல் ஃபேன் மாட்டினால் தீப்பிடிக்கும்."

"ஆமாங்க, அந்த அண்ணன் ரெண்டு தடவை வந்து ஏணி போட்டுப் பாத்துட்டுப் போனாருங்க" என்றாள் வேலாத்தா.

சடகோபன் நிமிர்ந்து பார்த்தார். ஒயர் கருப்பாகத்தான் இருந்தது. கீழே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது அவருக்கு. அவசர அவசரமாகச் சட்டைப்பையைத் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"மார்க்கை இப்பவே திருத்திடறேன் அம்மா."

"யாரோட மார்க்கை?" என்று அவரையே பார்த்துக் கேட்டார் அம்மை.