கப்சிப்புக்குக் கையேடு எழுதிய கதை

அன்றைக்குப் பொள்ளாச்சியில் பெயிண்ட் கடை மாடியில் இருந்தவர்கள் இன்னார்: கம்பெனியை நடத்தும் சென்னியப்பன், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மயில்சாமி, அவனுக்கு உதவியாக நாச்சிமுத்து, எல்லாவற்றையும் டைப் அடிக்கும் கோகிலவாணி. ஆக ஆள் நான்கு. கம்ப்யூட்டருக்குள் ஏ.ஐ. ஏஜென்ட் மூன்று. அவை சாப்பிடாததால் மதியச் சாப்பாட்டுக் கணக்கில் சேரவில்லை.

மூன்றும் தெய்வசிகாமணியின் கல்யாண மண்டபத்துக்காக வேலை செய்தன. மண்டபம் கேட்டு யார் செய்தி அனுப்பினாலும் பதில் போடும். அந்தப் பதிலுக்கு எப்படி வந்தோம் என்பதையும் படிப்படியாக எழுதிவைக்கும். பிழை இருந்தால் கண்டுபிடிக்கலாம் என்று மயில்சாமி செய்த ஏற்பாடு. டிரேஸ் என்று பெயர். அது கம்பெனிக்குள்ளேயே இருக்க வேண்டியது. மண்டபம் கேட்டவர்களுக்கும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது.

ஒரு பெண்ணின் தகப்பனாருக்குப் போன பதில் இது: ‘இவர் மறுபடி மறுபடி கேட்கிறார். வேறு மண்டபம் கிடைக்கவில்லை போலும். பத்தாயிரம் கூட்டிச் சொல்லலாம். வணக்கம் ஐயா, தங்கள் இல்லத் திருமணத்துக்கு வாழ்த்துகள்.’

தெய்வசிகாமணி ஃபோனில் வந்தார். “அதை நிறுத்த என்னமோ பண்ணி வெச்சிருக்கீங்களாமா. எப்படி நிறுத்தறதுன்னு ஒரு கையேடு எழுதி வைங்க. நாலு மணிக்கு வர்றேன். இல்லீன்னா கோயமுத்தூர்க்காரங்ககிட்டப் போயிருவேன்.”

அவரை விட்டால் கம்பெனிக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது.

மயில்சாமி செய்துவைத்திருந்த கருவியின் பெயர் கப்சிப். ஒரு பொத்தானை அழுத்தினால் டிரேஸ் நின்றுவிடும். கையேடு ஒரு வரியில் முடிந்திருக்கும்.

“செஞ்சு பார்த்துத்தான் எழுதோணும்,” என்றார் சென்னியப்பன். “செய்யறதுல ஒண்ணைக்கூட விடப்படாது.”

கோகிலவாணி அடித்தாள்: ‘முதலில் நாற்காலியில் உட்காரவும். பிறகு நாச்சிமுத்து எழுந்து ஃபேனை வேகமாக வைக்கவும்.’

“மண்டபத்துல நாச்சிமுத்துவுக்கு எங்கீங்க போவாங்க?” என்றான் மயில்சாமி.

“யாராச்சும் ஒருத்தருக்கு அந்தப் பேரை வெச்சுக்கட்டும்.”

பொத்தானை அழுத்தினார்கள். டிரேஸ் நின்றது. திரை வெறுமையாக இருந்தது.

“நின்னுச்சான்னு பார்த்துக்கவும்னு ஒரு வரி போடு அம்மிணி,” என்றார் சென்னியப்பன். போட்டாள். எல்லோரும் பார்த்தார்கள்.

“நின்னுருச்சுன்னு எங்கயும் எழுதலீங்களே,” என்றான் நாச்சிமுத்து.

“உள்ளே என்ன நடக்குதுன்னு டிரேஸைப் போட்டாத்தானே தெரியும்,” என்றான் மயில்சாமி.

நியாயமாகத்தான் பட்டது. டிரேஸைப் போட்டுப் பார்த்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது.

“பார்த்தீங்களா, நிக்கவே இல்லை.”

மறுபடி நிறுத்தினார்கள். நின்றதா என்று பார்க்க மறுபடி போட்டார்கள். ஓடியது. கோகிலவாணி ஒன்றும் விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். கையேடு முப்பத்தொரு பக்கம் ஆனது. சென்னியப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“அதுக்குத் தெரியாமப் போட்டுப் பார்க்கலாமுங்க,” என்றான் நாச்சிமுத்து. வேறு பக்கம் பார்த்தபடி, சுண்டுவிரல் நுனியால் போட்டான். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“அதுங்ககிட்டயே கேட்டா என்னங்க?” என்றாள் கோகிலவாணி. டிரேஸை நிறுத்திவிட்டு முதல் ஏஜென்ட்டிடம், ‘டிரேஸை நிறுத்திட்டியா?’ என்று கேட்டாள்.

‘நிறுத்திவிட்டேன்,’ என்றது.

சென்னியப்பன் முகம் சுருங்கியது. “என்ன பண்ணுச்சோ அதை அப்படியே சொல்லுது. இதைத்தானே டிரேஸுங்கறோம்?”

அந்த ஏஜென்ட்டையே அழித்தார்கள். இரண்டாவதும் அதே பதிலைச் சொன்னது, அழித்தார்கள். மூன்றாவது கொஞ்சம் தயங்கி, ‘என்ன சொன்னால் விடுவீர்கள்?’ என்று கேட்டது.

“மனசுல நினைக்கறதை வெளியே விடுது பாருங்க,” என்றான் மயில்சாமி. அதையும் அழித்தார்கள்.

நாலு மணிக்குத் தெய்வசிகாமணி வந்தார். கையேட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனம் பிடித்திருந்தது. பிறகு தன் செல்லிலிருந்து தன் மண்டபத்துக்கே, ‘வாடகை எவ்வளவு?’ என்று செய்தி அனுப்பினார். பதில் இல்லை. ‘அவசரம். எவ்வளவு கேட்டாலும் தருகிறேன்,’ என்று அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை.

“இத்தனை ஆசை காட்டியும் வாயைத் திறக்கலையே,” என்று மெச்சிக்கொண்டார். “வேலைன்னா இது வேலை. என்ர மச்சான் மண்டபத்துக்கும் இதே மாதிரி அடக்கமானதா ரெண்டு வேணும். எப்பக் குடுப்பீங்க?”

சென்னியப்பன் மயில்சாமியை ஓரமாகக் கூப்பிட்டார். “கையில எத்தனை இருக்குது?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“அதுல ரெண்டைக் குடுத்துட்டா நமக்கு எத்தனை மிஞ்சும்?”

மயில்சாமி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தான். “குறையவே குறையாதுங்க. இப்ப இருக்கறது அப்படியே இருக்கும்.”

அப்போதே இரண்டையும் அனுப்பிவைத்தார்கள். அனுப்பிய பிறகு இருப்பை எண்ணிப் பார்த்ததில் கணக்கு சுத்தமாக இருந்தது. மீதி பூஜ்யம்.