துவைக்காத கோட்

"ஒரு படிகம் விழ மாட்டேங்குது மேடம்" என்றார் மீரான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சுகிர்தம் மேடம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வயது எண்பத்து மூன்று. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் சோதனைச்சாலையில், ஒரு மலைவேரின் கசப்பை முதன்முதலில் தனியே பிரித்துக் காட்டியவர். அந்த முறையை உலகமே அவர் பெயரால்தான் சொல்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்து, அது ஓர் ஆள் என்று தெரியாமலே பாஸாகிப் போகிறார்கள்.

"எதுல விழ மாட்டேங்குது?"

"உங்க கசப்புலதான். வேரே இல்லாம செயற்கையாச் செஞ்சுட்டேன். ஆனா பாகாவே நிக்குது."

பாகில் கற்கண்டு விழுகிற மாதிரி அதில் படிகம் விழ வேண்டும். விழுந்தால்தான் உருகுநிலை பார்க்கலாம், பார்த்தால்தான் ஆய்வேடு. பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருடம் செய்த வேலை. மாதக் கடைசியோடு பதிவு ரத்தாகிவிடும். நாற்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் தெம்பு மீரானுக்கு இல்லை.

"ஐஸ்ல வச்சீங்களா?"

"வச்சேன்."

"கண்ணாடிக் குச்சியால உள்பக்கம் சுரண்டினீங்களா?"

"குடுவையே தேஞ்சுபோச்சு மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். மீரானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க வச்சுச் செய்யுதீங்க?"

"உங்க ரூம்லதான்!" மீரான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "துறைப் பொறுப்பு என் கைக்கு வந்ததும் முதல் வேலையா அதைத்தான் புதுசாக்கினேன். பழைய மேசை, அலமாரி எல்லாம் வெளிய. சுவரைச் சுரண்டிப் பெயிண்ட் அடிச்சு, ஆசிட் விட்டுத் தரையைக் கழுவி, உங்க படத்தை மாட்டி, கீழ பித்தளைத் தகடு. ஒரு பொட்டுத் தூசி கிடையாது."

கீரை உருவிய கை நின்றது.

"ஒரு பொட்டுகூடவா?"

"கிடையாது மேடம்."

"அடப் பாவி மனுசா" என்றார் மேடம்.

பாராட்டை எதிர்பார்த்திருந்த மீரானின் முகம் தொங்கிப்போயிற்று.

மேடம் உள்ளே போய், சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து தன் சோதனைச்சாலைக் கோட்டை எடுத்து வந்தார். ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது டீ வடிகட்டிய துணி நிறம்.

"ரிட்டயரான அன்னைக்குக் கழட்டி மாட்டினது. துவைக்க மனசு வரல. ஆட்டோ பிடிங்க, போவோம்."

ஆட்டோவில் மேடம்தான் பேசினார்.

"எனக்கும் நாலு வருசம் பாகாத்தான் நின்னுச்சு. தவசிமுத்துன்னு ஒரு அட்டெண்டர். மகளுக்குக் காதுகுத்துன்னு லீவுல போயிட்டார். குடுவை ரெண்டு வாரம் கழுவாம ஜன்னல்ல கெடந்துச்சு. வந்து பாத்தா உள்ள ஊசி ஊசியா நிக்குது. அவர் அன்னைக்கு இருந்து கழுவியிருந்தா நான் யாரு? முதப் படிகம்தான் பிடிவாதம் பிடிக்கும் மீரான். அதுக்கப்புறம் அந்த ரூம்ல யார் செஞ்சாலும் ஒரு மணி நேரத்துல விழுந்துச்சு."

"அதுல ஒரு துளி இப்ப இருந்தா..."

"கேட்டவங்களுக்கெல்லாம் ஒரு சிட்டிகை தபால்ல அனுப்பிட்டேன். போட்டிக்கு நின்னவங்களுக்கும்தான். மிச்சம் வச்சுக்கல."

அறைக்குள் நுழைந்ததும் மேடம் தன் படத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு இந்தம்மா, இவ்வளவு கோவமா?"

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார். குடுவையைத் திறக்கச் சொன்னார். அதன் வாய்க்கு மேலே வலது கையை உயர்த்தி, கோட்டின் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"மேடம்!" மீரான் அலறினார். ஏழு வருட உழைப்பில் தூசி!

"பழைய படிகத்தோட பொடி இந்தத் தூசியிலதான் ஒட்டியிருக்கு, அதுதான் விதை. டீ சொல்லுங்க" என்றார் மேடம்.

டீ வந்தது. மீரானுக்கு இறங்கவில்லை. மேடத்தின் டம்ளரில் பாதி இருக்கும்போதே பாகின் அடியில் ஓர் ஊசி தெரிந்தது. அதிலிருந்து இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

மீரான் தரையில் மண்டியிட்டுக் குடுவையோடு கண்ணை ஒட்டிக்கொண்டார். கண்ணாடியா கண்ணீரா, ஏதோ ஒன்று கலங்கலாக இருந்தது.

"இந்த நன்றியை எப்படித் தீர்க்கப் போறேன் மேடம்!"

"எனக்கு என்னத்துக்கு? தவசிமுத்து அண்ணனுக்குச் சொல்லுங்க."

"அவர் இருக்காரா?"

"இல்ல. அதனால என்ன, சொல்லுங்க."

மீரான் ஜன்னல் பக்கம் திரும்பி, கைகூப்பி, சத்தமாகவே சொன்னார். மேடமும் கூடச் சேர்ந்து சொன்னார்.

கிளம்பும்போது மேடம் கோட்டைக் கழற்றினார். மீரான் இரண்டு கையையும் நீட்டி, குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

"படத்துக்குக் கீழ ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சு இதை உள்ள வச்சுடுறேன் மேடம். காலாகாலத்துக்கும் அப்படியே இருக்கும்."

மேடம் சுவர்ப் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தப் படத்தை எறக்குங்க."

மீரான் இறக்கினார்.

வெறுமையான ஆணியில் மேடம் கோட்டை மாட்டினார்.

"ஃபேனைப் போடுங்க" என்றார்.