நாற்பதாவது போற்றி

எந்த நாடு, எந்த ஆண்டு என்று இன்று யாருக்கும் நினைவில்லாத முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் காதில் விழுந்ததை மாலைக்குள் சட்டமாக்கிவிடும் பழக்கம் அவருக்கு உண்டு.

ஒருநாள் அரண்மனைக்கு வந்த துறவி ஒருவர், "செய்யும் வேலையையே பூசையாகச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே முரசு அறைந்தார்கள். அரண்மனை எல்லைக்குள் யார் எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் இறைவனின் நூற்றெட்டுப் போற்றியையும் நிதானமாகச் சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்துகிறவர் நாட்டைவிட்டே போக வேண்டும். துறவியிடம் விளக்கம் கேட்கலாம் என்றால், அவர் அதற்குள் ஆற்றைக் கடந்திருந்தார்.

சமையற்காரர் போற்றி சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. குதிரைகள் கொள்ளுக்காகக் காத்திருந்து கனைத்தன. போற்றிகளை எண்ணுவதற்கென்றே ஒரு பதவி உண்டாயிற்று. அதில் அமர்ந்தவர் திருமலைக்கொழுந்து. கழுத்தில் நூற்றெட்டு மணி கோத்த மாலையுடன் அவர் எப்போதும் அரசர் பக்கத்திலேயே இருப்பார். அரசரைச் சிரிக்கவைப்பதே வேலையான அரசவை விகடன் கூத்தன் வாய் திறந்தாலே அரசர் சிரித்துவிடுவது திருமலைக்கொழுந்துக்கு நெடுநாளாகப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் அரண்மனை யானைகளைக் கட்டும் கொட்டாரத்தில் பாகனின் மனைவிக்கு வலி கண்டது. மருத்துவச்சி குருவம்மாள் வந்து கைகூப்பிப் போற்றி சொல்லத் தொடங்கினாள். திரைக்கு வெளியே திருமலைக்கொழுந்தின் ஆள் எண்ணிக்கொண்டிருந்தான். பாகன் அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற கூத்தன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

உள்ளே பெண்ணின் அலறல் சட்டென்று மங்கியது.

"தாயி! போதும், நிறுத்து! பிள்ளையப் பாரு!" என்று கூத்தன் கத்திவிட்டான்.

நாற்பதாவது போற்றியோடு குருவம்மாளின் குரல் நின்றது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்த குழந்தை, சற்று நேரத்துக்கெல்லாம் வீறிட்டு அழுதது.

அடுத்த நாள் காலை குருவம்மாளும் கூத்தனும் சபையில் நின்றார்கள்.

"அரசே, நிறுத்தியவள் இவள். நிறுத்தச் சொன்னவர் தங்கள் அருமை விகடன். ஆணை எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்றார் திருமலைக்கொழுந்து. வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள அவர் மிகவும் பாடுபட்டார்.

அரசர் கூத்தனைப் பார்க்காமலேயே சொன்னார். "ஆணை ஆணைதான். உணவுக்குப் பிறகு இருவரும் புறப்படலாம்."

கூத்தனின் வாய் உலர்ந்தது. தனக்காவது நாலு ஊர் சுற்றிய கால்கள். குருவம்மாள் இந்த வயதில் எங்கே போவாள்?

"உத்தரவு அரசே. போகும் முன் ஒரே ஓர் ஆசை. இன்று தங்கள் இலைக்குப் பக்கத்தில் நின்று நானே தண்ணீர் தர வேண்டும். பொரிவிளங்காய் உருண்டையும் செய்யச் சொல்லட்டுமா?"

அரசரின் முகம் இளகியது. பொரிவிளங்காய் உருண்டை என்றால் அவருக்கு உயிர். அதைத் தின்றால் அவருக்கு விக்கல் எடுக்கும் என்பது அரண்மனையில் குதிரைக்காரன்வரை தெரியும்.

உச்சிவேளைக்கு அரசர் இலை முன் அமர்ந்தார். சற்றுத் தள்ளிக் குருவம்மாளும் பணியாளர்களும் நின்றார்கள். கல்போன்ற உருண்டையை அரசர் கடித்தார், மென்றார், விழுங்கினார்.

"விக்!"

"கூத்தா, தண்ணீர்."

கூத்தன் செம்பைத் தரையில் வைத்தான். எதிரே சப்பணமிட்டு அமர்ந்து, கண்களை மூடி, கைகூப்பினான்.

"ஆதியே போற்றி... அருளே போற்றி..."

"விக்! கூத்தா!"

"அன்பே... போற்றி..."

அரசருக்குக் கண்ணில் நீர் முட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இன்னும் யாரும் அசையவில்லையே என்ற பயத்தில் கூத்தனின் ஏழாவது போற்றி திக்கித் திக்கி வந்தது.

"அட பாவி, எழுந்திருடா!" என்று பாய்ந்தார் திருமலைக்கொழுந்து. பாய்ந்த வேகத்தில் மணிமாலை அறுந்து சிதறியது. செம்பைப் பிடுங்கி அரசரின் வாயருகே பிடித்தார். அரசர் மடமடவென்று குடித்தார்.

"என்னைக் கொல்லப் பார்த்தாயா?" என்று அரசர் உறுமினார்.

கூத்தன் கண்ணைத் திறந்தான். "ஆணையைக் காப்பாற்றப் பார்த்தேன், அரசே. ஏழு சொல்லியாயிற்று, நூற்றொன்று பாக்கி. ஆனால் ஐயா ஒரு போற்றிகூடச் சொல்லாமல் தண்ணீர் கொடுத்துவிட்டாரே! நாற்பது சொன்னவளுக்கு நாடு கடத்தல் என்றால், ஒன்றுமே சொல்லாதவருக்கு என்ன தண்டனை?"

திருமலைக்கொழுந்தின் முகம் வெளிறியது. "அரசே... தாங்கள் தவிக்கும்போது எப்படி நான்..."

"குழந்தை தவித்தபோது இந்தக் குருவம்மாளும் அதையேதான் செய்தாள், ஐயா."

அரசர் காலிச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் ஒன்றும் சொல்லாமல்தான் குடித்தேன்" என்றார் மெதுவாக. பிறகு குருவம்மாள் பக்கம் திரும்பினார். "நாற்பதோடு நிறுத்தினாயே, இறைவன் நினைப்பே வரவில்லையா?"

"நா எங்க மகாராசா நிறுத்துனேன்? கொடிய எடுத்துவிட்டேன், முதுகத் தட்டுனேன், வெந்நீர்ல தொடச்சேன். எல்லாம் போற்றி போற்றின்னு சொல்லிக்கிட்டேதான். வெளிய கேக்கல, அந்தத் தம்பி எண்ணல. அதுக்கு நா என்ன செய்ய?"

திருமலைக்கொழுந்து அதற்குள் தரையில் முட்டிபோட்டு, சிதறிய மணிகளைப் பதற்றத்தோடு எண்ணி எண்ணிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அரசருக்கு முதலில் உதடு துடித்தது. அடுத்து தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் மறுபடி வந்தது.

"விக்!"

ஒரே நேரத்தில் நான்கு செம்புகள் அவர் முன் நீண்டன. முதல் செம்பு திருமலைக்கொழுந்தினுடையது.

"இதுதான் பூசை!" என்று சொல்லி அரசர் வாங்கிக் குடித்தார். போற்றி விடியற்காலையில் கோவிலில், வேலை அதனதன் நேரத்தில் என்று அங்கேயே ஆணை மாறியது. குருவம்மாளுக்குப் பட்டுப் புடவையும் கொட்டாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடும் கிடைத்தன. அரசர் தம் கையில் கிடந்த தங்கக் காப்பைக் கழற்றிக் கூத்தனுக்கு மாட்டினார்.

"வேறென்ன வேண்டும், கேள்."

கூத்தன் அப்போதுதான் முழுதாக ஒரு மூச்சு விட்டான்.

"எனக்கும் ஒரு செம்பு தண்ணீர் அரசே. போற்றி இல்லாமல்."