எலுமிச்சம்பழமும் ஒரு வெள்ளைக்காரச் சொல்லும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைக்கோட்டையைச் சடையப்ப உடையார் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் மீசையில் பக்கத்துக்கு ஒரு கிளி உட்காரலாம். நம்பாதவர்கள் அந்தக் கிளிகளைத்தான் கேட்கவேண்டும்.

ஒரு நாள் உடையார் வெள்ளைக்காரத் துரையைப் பார்க்கப் போனார். வாசலில் இருந்த சேவகன், "வெயிட்" என்றான். ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்து, ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு அரை நாள் வெயிலில் நின்றார். காத்திரு என்று அதற்கு அர்த்தமாம். திரும்பும் வழியில் துபாஷி அரங்கசாமிதான் அதைச் சொன்னார். துபாஷி என்றால் துரை பேச்சை ராஜாவுக்கும் ராஜா பேச்சைத் துரைக்கும் மாற்றிச் சொல்கிறவர். கோட்டையில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே வாய் அவருடையது.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. என்னை நிற்கவைத்த சொல் இனி என் வாசலில் சேவகம் செய்யட்டும் என்றார். புரட்டாசியில் உத்தரவு போட்டார். அரண்மனையில் எல்லாரும் தினப்படி பேச்சில் அந்தச் சொல்லைச் சரியாகப் புழங்கவேண்டும். தப்பாகச் சொன்னால் பாதி மீசை போய்விடும். கார்த்திகைப் பௌர்ணமியன்று போட்டி. ஜெயித்தவருக்குப் பொற்காப்பு.

அப்புறம் கேட்க வேண்டுமா? சமையற்காரர் சோறு வடிக்கும்போது பானையைப் பார்த்து வெயிட் என்றார். தளபதி குதிரைக்குச் சொன்னார். அது நிற்கவில்லை, தளபதிதான் கீழே கிடந்தார். ஐப்பசி முடிவதற்குள் பாதி மீசைக்காரர்கள் பதினேழு பேர். வாசல் காவலாளிகள் மட்டும் தேறிவிட்டார்கள். முறையிட வருகிறவர்களிடம் நாள் முழுக்க அதையே சொன்னார்களே.

அந்த வாசலில் ஏழு வருஷமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் மாரக்காள். அவள் புருஷன் குருவன் பெரிய ஏரியின் மடைக்காரன். வெள்ளம் வந்த அன்றைக்கு, உத்தரவு வரும்வரை நிற்காமல் மடையைத் திறந்துவிட்டான். மூன்று ஊர் பிழைத்தது. ராஜாவின் மாந்தோப்பு முழுகிப்போனது. அவனைச் சிறையில் போட்டார்கள்.

கொன்றைக்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. முறையிடுகிறவர் ராஜா கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுக்கவேண்டும். ராஜா வாங்கிக்கொண்டால், தீர்ப்புச் சொல்கிறேன், அதுவரை வாசலில் இரு என்று அர்த்தம். பழத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் வழக்கு முடியும். அதுவரைக்கும் மறுபடி முறையிடக் கூடாது. அந்த வழக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் கூடாது; திறந்தால் மீசையும் போகும், பதவியும் போகும். மாரக்காளின் பழத்தை ராஜா வாங்கினார். வாங்கினதை மறந்தார்.

முதல் மந்திரியான பிரதானி நல்லபெருமாள் மறக்கவில்லை. அந்த ராஜ்யத்திலேயே கூர்மையான புத்தி அவருக்குத்தான். ராஜாவே கேட்கும்படி செய்ய ஒரு சமயம் வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். போட்டி என்றதும், இதுதான் சமயம் என்று முடிவுகட்டினார்.

பௌர்ணமியும் வந்தது. துபாஷி எழுந்து நாற்பது வாக்கியம் சொன்னார். முடித்துவிட்டுப் பிரதானியைப் பார்த்தார். பல காலமாக அவர்மேல் வயிற்றெரிச்சல்.

"பிரதானியாருக்கு ஒன்றாவது வருமா? இல்லை, நாவிதனைக் கூப்பிடட்டுமா?"

"எனக்குப் பதில் சொல்ல ஆள் வைத்திருக்கிறேன், துபாஷியாரே. உத்தரவானால் அழைக்கிறேன்."

மாரக்காள் வந்தாள். காவலாளிகள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்தச் சொல் வந்திருந்தது. கும்பிட்டாள்.

"ஐ வெயிட்."

சபை சிரித்தது. துபாஷியும் சிரித்தார். "சரியாகத்தான் சொல்கிறாள், மகாராஜா. ஆனால் குஞ்சு வாக்கியம். தினப்படிப் பேச்சில் வரவேண்டும் என்றல்லவா உத்தரவு?"

"ஏழு வருஷம், துபாஷியாரே" என்றார் பிரதானி. "தினப்படிதான்."

ராஜா முன்னால் குனிந்து, எதற்காக என்று கேட்டார்.

"என் பழம் தங்கள் கையில் இருக்குது, மகாராஜா. குருவன் பொண்டாட்டி நான்."

ராஜாவுக்குத் துரை வீட்டு வெயில் ஞாபகம் வந்தது. அரை நாளுக்கே பாதம் கொப்பளித்ததும் ஞாபகம் வந்தது. சிங்காசனத்தைவிட்டு இறங்கினார். குஞ்சு வாக்கியம் என்று சிரித்த துபாஷி கீழ்ச்சபையில் போய் உட்காரவேண்டும் என்றார். பொற்காப்பு பிரதானிக்கு என்றார். குருவன்மேல் குற்றமில்லை, இந்த நிமிஷமே விடுதலை என்றார்.

சிறை அதிகாரி தூணோரமாக நின்றிருந்தார். அசையவில்லை.

"ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது, மகாராஜா. நாலே நாள். பழம் தங்களிடம் இருந்ததால் நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை."

மாரக்காள் அழவில்லை. சொன்னது யாரைப் பற்றி என்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜா நீட்டிய காப்பைப் பிரதானி வாங்கவில்லை.

"புரட்டாசியில் குருவன் உயிரோடு இருந்தான், மகாராஜா. அன்றைக்கே வழக்கத்தை மீறி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் என் மீசை போயிருக்கும், பதவி போயிருக்கும். நான் கெட்டிக்காரன். நல்ல சமயம் வரட்டும் என்று நானும் வெயிட் பண்ணினேன்."

எத்தனையோ கதையில் பிரதானிகள் ஜெயித்ததைச் சொல்லியிருக்கிறேன். ஜெயித்த அன்றைக்கு ஒரு பிரதானி தரையில் உட்கார்ந்து அழுதது இந்தக் கதையில் மட்டும்தான்.

உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா மாரக்காளைக் கேட்டார். பழத்தைக் கொடுங்கள், வீட்டுக்குப் போகிறேன் என்றாள். தேடச் சொன்னார்கள். ஒரு மாடத்தில், பாக்குத்தட்டுக்குப் பின்னால், புளியங்கொட்டைபோல் கறுத்து இறுகிக் கிடந்தது. ராஜா இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் காலை வாசலைத் திறந்தார்கள். அதே இடத்தில் மாரக்காள் உட்கார்ந்திருந்தாள். காவலாளி உள்ளே ஓடினான். ராஜாவே வந்தார், செருப்பில்லாமல்.

"தீர்ப்புத்தான் ஆகிவிட்டதே, தாயே. இன்னும் எதற்கு இங்கே?"

அவள் எழுந்து கும்பிட்டாள்.

"போனேன், மகாராஜா. வீட்டில் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று தெரியவில்லை."

ராஜா அந்த வாசலிலேயே உட்கார்ந்தார். சாயங்காலம் துரையின் ஆள் வந்து, பார்க்க வரச் சொல்கிறார் என்றான். ராஜா எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லக்கூட அங்கே யாருக்கும் நாக்கு எழவில்லை.